திரைச்சீலை வரிசையில் ஒரு கூறை

என் வீட்டைச் சுற்றிப் பழைய உடுப்பு விற்கும் தருமக் கடைகள் மூன்று இருக்கின்றன. ஒன்றுக்கு நடந்தே போகலாம். அந்த மூன்றையும் விட்டுவிட்டு, நெடுஞ்சாலையில் ஏறி, நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கிற நாலாவது கடைக்கு முக்கால் மணி நேரம் கார் ஓடிப் போகிறவள் நான். காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கம் தமிழர்கள் இல்லை.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் நாங்கள் கூடி வாழும் ஸ்காபரோவில் எங்கள் சனத்தோடு ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்திருக்கமாட்டார்கள். மண்டபத்துக்குள் நுழைந்து கால் மணி நேரம் ஆகுமுன் யாராவது ஒருவர் உங்கள் கோட்டின் கையைத் தொட்டுப் பார்ப்பார். "நல்ல துணி. எங்க எடுத்தனீங்கள்?" என்பார். அதற்கு நான் பல வருடமாக வைத்திருக்கும் பதில், "சேலில எடுத்தனான்." இதில் பொய் இல்லை. மலிவு விற்பனைதான். எந்தக் கடையில் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

யாரோ போட்டுக் கழித்த உடுப்பு எங்களுக்கு ஆகாது. அதைப் போட்டவர் செத்துப் போயிருந்தால் என்ன செய்வது என்று பயம். செத்திருக்காவிட்டால், அவரைவிட நாங்கள் குறைந்தவர்கள் ஆகிவிடுவோமே என்ற பயம் அதைவிடப் பெரியது. ஆனால் நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் எல்லோரும் ஏதோ ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில் வரிசையில் நின்று யாரோ ஒருவரின் கோட்டை வாங்கிப் போட்டவர்கள்தான். இப்போது கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு மண்ணிறக் கோட். அதன் உள்பையில் பாதி தின்ற இருமல் மிட்டாய்ச் சரையும், பல் வைத்தியரிடம் போக வேண்டிய நாள் எழுதிய அட்டையும் இருந்தன. அந்த நாள் வருவதற்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அந்த ஆள் அட்டை இல்லாமல் நாளை மறந்துவிடுவாரே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஆங்கிலம் சரிவரப் பேசத் தெரியாத நான் அதைப் பற்றி யாரிடம் சொல்வது? அவர் பல்லைப் பிடுங்கினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைப் பிடித்த பைத்தியம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

இப்போது நான் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. கடை திறக்கும்போதே போய்விடுவேன். எல்லோரும் கண்ணால் பார்த்து எடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பதில்லை. வரிசையின் ஒரு முனையில் நின்று, தொங்குகிற உடுப்புகளின் மேல் கையை ஓடவிட்டபடி நடப்பேன். பொலியெஸ்டர், பொலியெஸ்டர், பொலியெஸ்டர், பிறகு ஒரு கம்பளி. கை தானாக நின்றுவிடும். அதன் பிறகுதான் கண்ணுக்கு வேலை. அக்குளைப் பார்க்க வேண்டும், சிப்பை ஒரு தரம் மேலும் கீழும் இழுக்க வேண்டும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகப் பைக்குள் கைவிட வேண்டும். உண்மையைச் சொன்னால், நான் அவ்வளவு தூரம் கார் ஓடுவதே இந்தக் கடைசி வேலைக்காகத்தான்.

பைக்குள் மனிதர்கள் இருப்பார்கள். ஒரு முறை ஆண்களின் கோட் ஒன்றில் முட்டை, பால், 'அவளுக்குப் பூ' என்று எழுதிய துண்டு ஒன்று கிடைத்தது. முட்டையும் பாலும் கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தன. பூ வெட்டுப்படவில்லை. இரண்டு நாள் அந்த மனிதரை நினைத்து எனக்குக் கோபமாக இருந்தது. இன்னொரு முறை குழந்தைச் சட்டையின் பைக்குள் ஒரு பாற்பல். அதை எடுக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுச் சட்டையைத் தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், இங்கே பிறந்தவள். அவளும் சிநேகிதிகளும் இதே வேலையை ஊரறியச் செய்கிறார்கள். எடுத்த உடுப்பைப் போட்டுப் படம் எடுத்து, என்ன விலை என்றும் எழுதிப் போடுகிறார்கள். நான் சொந்தக்காரர்கள் யாரும் பார்க்காதபடி காரின் பின்பக்கத்தில் பையை ஒளித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. கோட் வரிசையில் ஒன்றும் இல்லை. வழக்கம்போலத் திரைச்சீலை வரிசைக்கும் போனேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சேலை என்றால் என்னவென்று தெரியாது. கையில்லை, கழுத்தில்லை, ஆறு கெஜம் நீளம் இருக்கிறது, அப்படியானால் யன்னலுக்குப் போடுவதுதான் என்று அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு அந்த வரிசையில் ஒரு பருத்திச் சேலை எடுத்திருக்கிறேன்.

அன்றைக்குக் குளியலறைப் பிளாஸ்டிக் திரைக்கும் தடித்த பச்சைத் திரைக்கும் நடுவில் என் கை நின்றது. பட்டு. கனமான பட்டு. இழுத்துப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு, சாண் அகலத்துக்குச் சரிகைக் கரை. விலைச் சீட்டை ஸ்டேப்பிள் கம்பியால் பட்டிலேயே அடித்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அடித்த ஆளைத் தேடிப் பிடித்து ஒரு வகுப்பு எடுத்திருப்பேன்.

நிலத்தில் குந்தியிருந்து மெல்ல விரித்தேன். முந்தானையின் மூலையில் மஞ்சள் தடவிய அடையாளம் இருந்தது. மடிப்புக்குள்ளிருந்து மஞ்சள் பூசிய அரிசி இரண்டு விழுந்தது. சபையில் எல்லோரும் எறிந்து வாழ்த்தும் அறுகரிசி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது கலியாணத்துக்குக் கட்டிப்போன வெறும் சேலை இல்லை. கூறை.

எங்களில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துச் சபை முழுக்கக் கொண்டுபோய் எல்லோரிடமும் ஆசி வாங்கிப் பெண்ணிடம் கொடுக்கும் சேலை அது. அவள் போய் அதை உடுத்து வந்த பிறகுதான் தாலி ஏறும். மற்றச் சேலைகளை இரவல் கொடுப்போம், தங்கச்சிக்குக் கொடுப்போம், அலுத்தால் வெட்டிப் பாவாடை தைப்போம். கூறையை மட்டும் ஒருத்தியும் வீட்டைவிட்டு அனுப்பமாட்டாள். அதில் எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஆகவே இது தவறி வந்தது. எப்படி வந்தது என்றும் அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீடுகளில் சூட்கேசெல்லாம் ஊருக்குச் சாமானோடு போய் அங்கேயே நின்றுவிடும். எனவே நல்ல சேலைகளும் பேஸ்மென்டில் கறுப்புக் குப்பைப் பைகளில்தான் கிடக்கும். பழைய உடுப்பும் அதே நிறப் பையில், அதற்குப் பக்கத்தில். ஒரு சனிக்கிழமை மனைவி வேலைக்குப் போன நேரம் கணவருக்குத் திடீரென்று வீட்டைத் துப்புரவாக்கும் ஆசை வந்திருக்கும். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. இந்த நகரத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி அலுமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்க எனக்கு நெஞ்சு பதைத்தது.

சேலைக்குள் அதன் சட்டையும் மடித்தபடி இருந்தது. கழுத்தின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். விரல்நகம் அளவு வெள்ளைத் துணித்துண்டு ஒன்று, அதில் நீல நூலால் ஓர் இலக்கம். என் சட்டைகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே நீல நூலில் இலக்கம் இருக்கிறது. வோபர்னில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் தைக்கும் அன்ரி ஒருவரின் வேலை அது. உடைமைக்காரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் போதும்.

ஆனால் அதற்கு நான் அந்த அன்ரியிடம், இதை எங்கே எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அன்ரியிடம் ஒன்றைச் சொன்னால் மில்லிக்கனிலிருந்து பிக்கரிங் வரை எங்கள் சனம் எல்லோருக்கும் தெரியவந்துவிடும். இத்தனை வருடம் காத்த மானம் ஒரு பகலில் போய்விடும்.

காசு கொடுக்கும் இடத்தில் இருந்த பெண், சாப்பாட்டு அறைக்கு இந்த நிறம் அழகாக இருக்கும் என்றாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மகள் சேலையை விரித்துப் பார்த்தாள். "ஓ மை காட், அம்மா. இவ்வளவு வடிவா இருக்கு. நீங்களே வச்சிருங்கோவன்."

"இது இன்னொரு ஆளின்ர கூறையடி. தேடிக்கொண்டிருப்பா."

"தேடுறா எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்? மேபி அவவுக்கு வேண்டாமோ தெரியாது. இட்ஸ் நொட் யுவர் பிஸ்னஸ், அம்மா."

இங்கே பிறந்த பிள்ளைக்குக் கூறையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துச் சேலையை மடித்து வைத்தேன். அவள் சொன்னதை அப்போதே காதில் போட்டிருக்கலாம்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் என் வெட்கத்தைவிட அந்தப் பெண்ணின் கூறை பெரிது என்று தீர்மானித்து, பையைத் தூக்கிக்கொண்டு வோபர்னுக்குப் போனேன். தீர்மானித்தேனே தவிர, படியில் இறங்கும்போதே இல்லாத ஒரு சிநேகிதியை உண்டாக்கிக்கொண்டேன்.

"அன்ரி, என்ர சிநேகிதி ஒரு ஆள் உந்தக் கூறையை ஒரு கடையில கண்டெடுத்தவா."

அன்ரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுச் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஓம், உது என்ர கைதான். எந்தக் கடை?"

"பழைய உடுப்புகள் விக்கிற கடை. அவ அங்க போறவ."

"அப்ப நீங்கள் கலியாண வீட்டுக்குப் போடுற அந்த நீலக் கோட்டும் உந்தச் சிநேகிதிதான் எடுத்துத் தந்தவவோ?" அன்ரி சிரிக்காமல்தான் கேட்டார். "சும்மா சொல்லுங்கோ பிள்ளை. நான் தைக்கிற ஆள். பிரிச்சுத் தைச்ச கையைப் பாத்தால் எனக்குத் தெரியாதே?"

இவ்வளவு காலமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அதே நேரம், மேற்குக் கோடிவரை எரித்த பெற்றோலை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது. ஓம் அன்ரி, நானேதான் என்றேன்.

அன்ரி அளவு எழுதும் கொப்பிகளில் பழையதொன்றை எடுத்து இலக்கத்தைத் தேடினார். பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தது. கலியாணப் பெண்ணுடையது அல்ல, அவளைக் கூட்டிவந்த தாயுடையது. நான் வாய் திறக்குமுன் அன்ரி போனை எடுத்துவிட்டார்.

"அக்கா, உங்கட மகளின்ர கூறை துலைஞ்சு போய் ஒரு கடையில கிடந்ததாம். ஓம் ஓம், கூறைதான். ஒரு நல்ல பிள்ளை கண்டு எடுத்து வச்சிருக்கிறா."

மறுமுனையில் அந்தத் தாய் கடவுளைக் கூப்பிட்ட சத்தம் எனக்கும் கேட்டது. மகள் பிக்கரிங்கில் இருக்கிறாளாம், மருமகன் விமானத்தில் போகவேண்டிய தூரத்தில் கல்கரியில் வேலையாம், தான் மகனோடு மில்லிக்கனில் இருப்பதால் குளிருக்குள் போய்வர முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் நிற்பாள், கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்குக் கேட்கவா வேண்டும். அந்த முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசையில் ஞாயிறு காலை பத்து மணிக்கே பிக்கரிங்கில் நின்றேன்.

புது வீடு. கார் விடும் டிரைவ்வே நீளமாக, பனி அள்ளித் துப்புரவாக இருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். "வாங்கோ அக்கா. அம்மா சொன்னவா," என்றாள். நான் பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "முதல் உள்ளுக்க வாங்கோ."

சப்பாத்தைக் கழற்றும்போது என் கண் தன் பாட்டில் வேலை செய்தது. வாசலில் பெண்ணுடைய சப்பாத்துகள் மட்டும் இருந்தன. கோட் கொழுவும் இடத்தில் ஒரு கோட். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு கதிரையைத் தவிர மற்றவற்றில் எல்லாம் கடுதாசிகளும் பெட்டிகளும் கிடந்தன. கல்கரியிலிருந்து வந்துபோகிற கணவனுக்கும் ஒரு சப்பாத்து இருக்குமே என்று யோசித்துக்கொண்டே போய் இருந்தேன். பையை மேசையில் வைத்தேன்.

அவள் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு கதிரையில் கிடந்த பெட்டியை இறக்கி வைத்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அக்கா, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள். ஆனா இது துலைஞ்சு போகேல்ல. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்."

நான் கண்டுபிடித்து வைத்திருந்த அந்தச் சனிக்கிழமைக் கணவர் ஒரு நொடியில் காணாமற் போனார்.

"தாலியை வித்திட்டன். அதை வாங்க ஆள் இருக்கு. உதை என்ன செய்யிறது? கட்டேலாது, எரிக்கேலாது, குப்பையில போடக் கை வரேல்ல. உது என்னெண்டு தெரியாத ஆக்கள் ஆராவது எடுத்து என்னத்தையாவது தைக்கட்டும் எண்டு நினைச்சன். பக்கத்துக் கடையில போட்டால் எங்கட ஆக்கள் கண்டிடுவினம். அதுக்காகத்தான் அவ்வளவு தூரம் ஓடினனான்."

"நானும் அதுக்காகத்தான் அங்க போறனான்," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும்தான் நான் செய்தது எனக்கு விளங்கியது. ஒரு தமிழர் கண்ணிலும் படக்கூடாது என்று இவள் ஒளித்ததை நான்தான் தேடிப் பிடித்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, இலக்கம் சொல்லி, தாயின் காதுவரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். யாரோ ஒருவரின் பைக்குள் கைவிட்டுப் பழகியவள் நான். பைக்குள் கிடப்பதற்கு உரிய ஆள் உயிரோடு முன்னால் வந்து இருப்பது இதுதான் முதல் தடவை.

"அம்மாவுக்குத் தெரியாதோ?"

"அவர் கல்கரியில எண்டுதான் அவவுக்குச் சொன்னது. அவ அதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா. இப்ப போய் நான் என்னத்தைச் சொல்ல?" பையை என் பக்கம் தள்ளினாள். "அக்கா, ஒரு உதவி. இது வேற ஆரோ ஒரு ஆளின்ரயாம், அன்ரி இலக்கத்தைப் பிழையாப் பாத்திட்டா எண்டு அம்மாவுக்கு ஒருக்காச் சொல்லுறீங்களோ? என்ரது மேல அலுமாரிக்குள்ள கிடக்கு எண்டு நான் சொல்லுறன். உதைத் திருப்பி அந்தக் கடையிலயே குடுத்துவிடுங்கோ."

திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். அடுத்த வியாழக்கிழமை கொடுத்தும் விட்டேன். தாயிடம் சொல்ல வேண்டிய பொய்யும் எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. கோட்டை எங்கே எடுத்தேன் என்று மழுப்பி வந்ததைப்போல ஒரு சேலைக்கும் மழுப்பப்போகிறேன். செய்த பிழைக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனுசி?

நான் அங்கே இருக்கும்போதே அவளுடைய போன் அடித்தது. தாய். அவள் பொத்தானை அழுத்திப் போனை மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"பிள்ளை, அவ வந்திட்டாவோ? கூறை நல்லாக் கிடக்கோ? பூச்சி ஏதும் அடிக்கேல்லையே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஆனால் தாய் இடம் விடவில்லை.

"அந்தக் கறுப்புப் பையளுக்குள்ள வைக்காதை வைக்காதையெண்டு எத்தினை தரம் சொன்னனான். மருமோன் வந்து நிண்ட நேரம் பழசெண்டு நினைச்சுத் தூக்கிக் குடுத்திருப்பார். ஆம்பிளையளுக்கு என்ன தெரியும். அவரை ஏசாதை. பாவம், தூரத்தில கிடந்து கஷ்டப்படுற மனுசன்."

நான் மனதுக்குள் கட்டிய கதையையே அந்தத் தாயும் சொல் மாறாமல் கட்டியிருந்தார். "வணக்கம் அம்மா, சேலை கொண்டுவந்த ஆள் கதைக்கிறன்," என்று தொடங்கினேன். அந்தப் பெண் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"அம்மா, அவர் குடுக்கேல்ல. நான்தான் குடுத்தனான்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"அவர் கல்கரியில இல்லை. வேலைக்கெண்டு போகவும் இல்லை. என்னை விட்டிட்டுப் போயிட்டார். போய் ரெண்டு விண்டர் முடியப்போகுது."

போனுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது. எனக்கு எழும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது, ஆனால் கதிரை சத்தம் போடும் என்று பயந்து அப்படியே இருந்தேன். அடுத்து வரப்போவது அழுகையா, ஏச்சா, சனம் என்ன சொல்லும் என்ற கேள்வியா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. எதற்கும் ஆயத்தமாக இருந்தாள்.

"அப்ப அந்த நீள டிரைவ்வேயில ஸ்னோ அள்ளுறது ஆர்?" என்று தாய் கேட்டார்.

"நான்தான் அம்மா."

"ரெண்டு விண்டரும் தனியவோ?"

அதற்குத்தான் அவள் அழுதாள்.